மண்ணுல இருந்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் எடுக்குறது எப்படி: மண் அள்ளுறதுல இருந்து ஆன்டிபயாடிக் டெஸ்ட் வரைக்கும் முழு வழிகாட்டி

ப்ராஜெக்ட்டுக்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் (ஆன்டிபயாடிக் செய்யுற ஒரு மண் பாக்டீரியா) எடுக்கணும்னு ஆரம்பிக்கிற நிறைய பேர் மூணாவது நாளே பிளேட்டைப் பார்த்துட்டு "ஒண்ணும் வரலயே"ன்னு ஆட்டோக்ளேவ்ல (அழுத்த நீராவியில கிருமியைக் கொல்ற கருவி) போட்டுடுறாங்க. நானும் முதல் தடவை அதைத்தான் பண்ணேன். 12 பிளேட் போட்டிருந்தேன், 10 தான் கையில கிடைச்சுது, அத்தனையும் தூக்கிப் போட்டாச்சு, மிச்சம் ரெண்டு இன்குபேட்டர்ல பின்னாடி தட்டுல இருந்தது எனக்கே தெரியல, பத்து நாள் கழிச்சு வேற எதையோ தேடும்போது கண்ணுல பட்டுச்சு, திறக்காமலே மூடி வழியா தெரியுது, சாம்பல் கலர்ல பவுடர் பூசின மாதிரி சின்னச் சின்ன வட்டமா காலனி. அன்னைக்குத்தான் இந்த பாக்டீரியா மத்ததுங்க மாதிரி இல்லன்னு மண்டையில ஏறுச்சு. அதனால கீழ சொல்ற ஒவ்வொரு ஸ்டெப்பையும் ஒரே கேள்வியோட படிங்க: வேகமா வளர்றதையெல்லாம் எப்படி அடக்கி, இந்த மெதுவான ஆளுக்கு எப்படி நேரம் வாங்கிக் கொடுக்குறது?

முதல்ல இது எப்படி வாழுதுன்னு தெரிஞ்சுக்கோங்க

ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா தான், ஆனா பூஞ்சை மாதிரி இழை இழையா வளரும். ஒரு ஸ்போர் (விதை மாதிரி தூங்கிக்கிட்டு இருக்குற செல்) முளைச்சா இழை மண்ணுக்குள்ள (நம்ம கேஸ்ல பிளேட்ல இருக்குற அகார்ங்கற ஜெல்லிக்குள்ள) கிளை விட்டு இறங்கும், இதுக்கு சப்ஸ்ட்ரேட் மைசீலியம்னு பேரு. சாப்பாடு தீர ஆரம்பிச்சதும் மேல காத்துல நிக்கிற மாதிரி வேற இழைகளை அனுப்பும், அதுக்கு ஏரியல் மைசீலியம்னு பேரு. அந்த மேல் இழை வளர்றதுக்கு கீழ இருக்குற இழைகள்ல ஒரு பகுதி தானே கரைஞ்சு சத்தைக் கொடுக்குது. அப்புறம் மேல் இழை துண்டு துண்டா பிரிஞ்சு ஸ்போர் சங்கிலி ஆகிடும்.

ஆன்டிபயாடிக் பெரும்பாலும் இந்த மாறுற நேரத்துல தான் வருது. தன்னையே கரைச்சு சத்தை வெளிய விடுற நேரத்துல பக்கத்துல இருக்குற மத்த பாக்டீரியா வந்து அதைச் சாப்பிட்டுடாம காவல் காக்கத்தான் இந்த மருந்துன்னு ஒரு விளக்கம் இருக்கு, எனக்கு அது ரொம்ப நியாயமா படுது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் கோலிகலர்ங்கற இனத்துல பிஎல்டி-ஏ ன்னு ஒரு ஜீன் இருக்கு, அபூர்வமா வர்ற ஒரு லியூசின் கோடானை (புரதத்துல லியூசினைச் சேர்க்கச் சொல்ற மூணெழுத்துக் குறி) படிக்கிற டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏவைச் செய்யுற ஜீன் அது. அது கெட்டுப்போனா ஏரியல் இழையும் வராது, அந்த இனத்தோட நீல ஆன்டிபயாடிக்கும் வராது, காலனி மொட்டையா நிக்கும். வளர்ச்சியும் மருந்தும் ஒரே சுவிட்சுல கட்டியிருக்குன்னு அர்த்தம். பட்டினி வர்ற வரைக்கும் நீங்க காத்திருக்கணும், வேற வழி இல்ல.

பாதுகாப்பு

இதை லேப்ல மட்டும் பண்ணுங்க, வீட்டுல வேண்டாம். ஸ்ட்ரெப்டோமைசிஸ்ல பெரும்பாலானது நம்மளை ஒண்ணும் செய்யாது, ஆனா மண்ணுல இருந்து பிளேட்டுக்கு வர்றது அது மட்டும் இல்ல, நோய் உண்டாக்குற பாக்டீரியாவும் பூஞ்சையும் கூடவே வரும். மண்வாசனை வருதான்னு மூடியைத் திறந்து மோந்து பாக்குற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பவுடர் மாதிரி இருக்குறது முழுக்க ஸ்போர், நேரா மூக்குக்குள்ள போகும். முடிஞ்ச பிளேட் எல்லாத்தையும் 121 டிகிரியில ஆட்டோக்ளேவ் பண்ணிட்டுத்தான் குப்பைக்கு அனுப்பணும்.

ஸ்டெப் 1: மண் எடுக்குறது

மேல இருக்குற சருகு, கல்லு எல்லாம் ஒதுக்கிட்டு 5 முதல் 10 செ.மீ. ஆழத்துல இருந்து எடுங்க. செடி வேரை ஒட்டின மண்ணு நல்லா வரும். ஆல்கஹால்ல துடைச்ச கரண்டி, புது பாலித்தீன் பை, பை மேல இடம், தேதி, ஆழம், எந்தச் செடி பக்கத்துல இருந்துச்சுன்னு எல்லாம் எழுதிடுங்க, அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டா மறந்துடும்.

யாரும் போகாத காட்டுக்குப் போனாத்தான் கிடைக்கும்னு நினைக்க வேண்டாம். ராபமைசின்ங்கற மருந்தைக் கொடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஹைக்ரோஸ்கோபிகஸ் ஈஸ்டர் தீவு மண்ணுல இருந்து வந்தது உண்மை தான், 1964-ல அங்க போன ஒரு குழு கொண்டு வந்த மண்ணு அது. ஆனா அவெர்மெக்டின்ங்கற புழு மருந்தைக் கொடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் அவெர்மிடிலிஸை சதோஷி ஓமுரா ஜப்பான்ல ஒரு கோல்ஃப் மைதானம் பக்கத்து மண்ணுல தான் எடுத்தார், அந்த வேலைக்கு 2015-ல அவருக்கும் வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் நோபல் பரிசுல பங்கு கிடைச்சுது. 1943-ல ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசின்ங்கற ஆன்டிபயாடிக்கைக் கண்டுபிடிச்சப்ப அவர் கையில இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் ரெண்டு. ஒண்ணு எரு போட்ட வயல் மண்ணு, இன்னொண்ணு ஒரு கோழியோட தொண்டையில இருந்து எடுத்தது!

ஒரு விஷயம், அடுத்தவங்க நிலத்துலயோ பாதுகாக்கப்பட்ட காட்டுலயோ எடுக்குறதுக்கு அனுமதி வாங்கிடுங்க. வேற நாட்டு மண்ணுன்னா 2010-ல வந்த நகோயா ஒப்பந்தம் (வேற நாட்டு உயிர்வளத்தை எடுத்துப் பயன்படுத்துறது பத்தினது) குறுக்க வரும், பின்னாடி பேப்பர் எழுதும்போது அனுமதிக் கடிதம் கேப்பாங்க.

ஸ்டெப் 2: காய வைக்கிறது

இதைத் தாண்டிப் போறவங்க தான் அப்புறம் "பிளேட் முழுக்க கொழகொழன்னு பாக்டீரியா வந்துடுச்சு"ன்னு வருத்தப்படுறது. மண்ணைச் சல்லடையில சலிச்சு, சுத்தமான பேப்பர்ல பரப்பி, அறை வெப்பத்துல ஒரு வாரம் காய விடுங்க. சாதாரண பாக்டீரியா செல் நிறைய இதுல செத்துடும், ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஸ்போர் நிம்மதியா உக்காந்திருக்கும். அதுக்கப்புறம் 55 முதல் 60 டிகிரி ஓவன்ல ஒரு மணி நேரம் வெச்சா இன்னும் நல்லது. பேசில்லஸ் ஸ்போர் மட்டும் இதுக்கெல்லாம் அசையாது, அது எப்படியும் வரும், அதைப் பின்னாடி பார்த்துக்கலாம்.

இன்னொரு வழி, 10 கிராம் காஞ்ச மண்ணோட 1 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, ஈரமான மூடின டப்பாவுக்குள்ள 28 டிகிரியில ஒரு வாரம் பத்து நாள் வைக்கிறது. லேசான காரத்தன்மை ஸ்ட்ரெப்டோமைசிஸுக்குப் பிடிக்கும், அமில மண்ணா இருந்தா இது ரொம்ப உதவும். நேரம் இருந்தா மண்ணை ரெண்டு பங்கா பிரிச்சு ரெண்டு வழியிலயும் போட்டுப் பாருங்க.

ஸ்டெப் 3: மீடியா (பாக்டீரியா வளர்றதுக்கான சாப்பாடு)

ஸ்டார்ச் கேசின் அகார் போதும். ஒரு லிட்டருக்கு: ஸ்டார்ச் 10 கிராம், கேசின் (பால் புரதம்) 0.3 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 2 கிராம், சோடியம் குளோரைடு 2 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 2 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.05 கிராம், கால்சியம் கார்பனேட் 0.02 கிராம், ஃபெரஸ் சல்பேட் 0.01 கிராம், அகார் 18 கிராம். பிஎச் 7.0 முதல் 7.2. ரெடிமேட் பவுடரும் கிடைக்குது, அதை வாங்கினாலும் தப்பில்ல.

நியூட்ரியன்ட் அகார்ல ஏன் போடக்கூடாதுன்னு கேப்பீங்க. அதுல பெப்டோன் இருக்கு, எல்லாருக்கும் ஈஸியா ஜீரணம் ஆகுற சாப்பாடு, வேகமா வளர்றவன் முதல்ல காலி பண்ணிட்டு பிளேட்டையும் மூடிடுவான். ஸ்டார்ச், கேசின் ரெண்டும் பெரிய மூலக்கூறு, வெளிய என்சைம் விட்டு உடைச்சாத்தான் உள்ள எடுக்க முடியும், அந்த வேலையில ஸ்ட்ரெப்டோமைசிஸ் கெட்டிக்காரன். கைட்டின் (பூச்சி ஓட்டுல இருக்குற பொருள்) கிடைச்சா கைட்டின் அகாரும் போடலாம், இன்னும் கறாரா வடிகட்டும்.

ரெண்டு சின்ன விஷயம். கேசின் வெறும் தண்ணியில கரையாது, கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல்ல முன்னாடியே கரைச்சு ஊத்துங்க, அப்புறமா பிஎச் சரி பண்ணுங்க. ஸ்டார்ச்சை நேரா சுடுதண்ணியில கொட்டினா கட்டி தட்டிடும், பச்சைத் தண்ணியில கலக்கிட்டு சேருங்க.

ஆட்டோக்ளேவ் முடிஞ்சு மீடியா 50 டிகிரி கிட்ட ஆறினதும் பூஞ்சையைத் தடுக்க சைக்ளோஹெக்சிமைடு அல்லது நிஸ்டாட்டின், லிட்டருக்கு 50 மி.கி. சேருங்க. கிராம் நெகட்டிவ் பாக்டீரியா (ஈ.கோலை மாதிரி) தொல்லை அதிகம்னா நாலிடிக்சிக் ஆசிட் 20 மி.கி. சைக்ளோஹெக்சிமைடு நமக்கும் விஷம், கையுறை மாஸ்க் போட்டுத்தான் எடை போடணும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா சைக்ளோஹெக்சிமைடை உண்டாக்குறது ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ், நிஸ்டாட்டினை உண்டாக்குறது ஸ்ட்ரெப்டோமைசிஸ் நோர்செய். இதோட சொந்தக்காரங்க செஞ்ச மருந்தை வெச்சுத்தான் நாம இதுக்கு இடம் பிடிச்சுக் கொடுக்குறோம்.

பிளேட்டுக்கு 25 மி.லி. தாராளமா ஊத்துங்க. 20 மி.லி.க்கும் கம்மியா ஊத்தினா பத்து நாள்ல காஞ்சு ஓரம் சுருண்டுடும்.

ஸ்டெப் 4: டைல்யூஷன் (நீர்க்க வைக்கிறது), பரப்புறது

1 கிராம் மண்ணை 9 மி.லி. ஸ்டெரைல் 0.85 சதவீத சலைன்ல போட்டு நல்லா குலுக்குங்க, இது 1வது ட்யூப். ஒரு நிமிஷம் மண்ணு அடங்க விட்டு மேல இருந்து 1 மி.லி. எடுத்து அடுத்த 9 மி.லி.க்கு, அப்படியே 5வது ட்யூப் வரைக்கும். ஒவ்வொரு தடவையும் பிப்பெட் டிப் மாத்தணும், ஒவ்வொரு ட்யூப்பும் எடுக்குறதுக்கு முன்னாடி குலுக்கணும். 3, 4, 5வது ட்யூப்ல இருந்து 0.1 மி.லி. வீதம் எடுத்து பிளேட்ல கண்ணாடிக் குச்சியால பரப்புங்க, ஒவ்வொண்ணுக்கும் மூணு பிளேட். எந்த ட்யூப்ல காலனி தள்ளித் தள்ளி தனியா நிக்குதோ அதுல இருந்து தான் எடுக்கப் போறோம்.

கவுத்து வெச்சு 28 டிகிரி இன்குபேட்டர்ல வையுங்க, 37 வேண்டாம். காத்து வேணும் இதுக்கு, அதனால இறுக்கி டேப் சுத்தாதீங்க, பாராஃபிலிம் ஒரு சுத்து போதும்.

ஸ்டெப் 5: காத்திருக்குறது

முதல் ரெண்டு நாள்ல வர்ற பளபளப்பான, ஈரமான காலனியெல்லாம் சாதாரண பாக்டீரியா. பிளேட்டுக்கு அடியில மார்க்கரால அதைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு வெச்சுடுங்க, அப்புறம் குழப்பம் வராது. மூணு நாலாவது நாள்ல ஊசி முனை அளவு புள்ளி தெரியும். லூப்பால (கம்பி வளையம்) தொட்டுப் பாருங்க, ஒட்டாது, கிளறினா அகாரோட சேர்ந்து பெயர்ந்து வரும், தோல் மாதிரி கடினமா இருக்கும். அது தான் அடையாளம், அகாருக்குள்ள இழை வேர் மாதிரி இறங்கியிருக்கு.

அஞ்சு ஆறு நாள்ல நடுவுல இருந்து வெள்ளையா பூக்க ஆரம்பிக்கும். ஏழு எட்டுல அந்த வெள்ளை மேல கலர் ஏறும், சாம்பல், மஞ்சள், லேசான ரோஸ், சிலது பச்சை கலந்த நீலம், இனத்தைப் பொறுத்து. சில காலனி உச்சியில கண்ணாடி மணி மாதிரி ஒரு துளி நிக்கும், தேன் கலர்லயோ நீலத்துலயோ, அந்தக் காலனியைத் தவற விடாதீங்க, பெரும்பாலும் ஏதோ ஒரு கூட்டுப்பொருளை வெளிய தள்ளுதுன்னு அர்த்தம். பிளேட்டைத் திருப்பி அடியிலயும் பாருங்க, காலனியைச் சுத்தி அகாருக்குள்ள கலர் பரவியிருந்தா குறிச்சு வையுங்க. 14 நாள் வரைக்கும் எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

பூஞ்சையா இதுவான்னு சந்தேகம் வந்தா, பூஞ்சை பஞ்சு மாதிரி வேகமா பரவும், இது சில மி.மீ. அளவுல கட்டுக்கோப்பா நிக்கும். மைக்ராஸ்கோப்ல சந்தேகமே இருக்காது, இதோட இழை 1 மைக்ரான் கிட்ட தான், பூஞ்சை இழை அதை விடப் பல மடங்கு தடிமன்.

ஸ்டெப் 6: தனியா பிரிச்சு சுத்தம் பண்றது

ஸ்டெரைல் டூத்பிக் எடுத்து காலனி மேல இருக்குற பவுடரை மட்டும் லேசா தொடுங்க, ஆழமா குத்த வேண்டாம், அடியில பேசில்லஸ் ஒளிஞ்சிருக்கும். ஐஎஸ்பி-2 அகார்ல (ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 4, மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 10, குளுக்கோஸ் 4, அகார் 20 கிராம், லிட்டருக்கு) ஸ்ட்ரீக் பண்ணுங்க (கோடு கோடா இழுத்துப் பரப்புறது). குறைஞ்சது மூணு தடவை. ரெண்டாவதுலயே சுத்தமா தெரியும், ஆனா மூணாவது ஸ்ட்ரீக்ல ஓரத்துல ஒரு கொழகொழ காலனி எட்டிப் பாக்குறதை நான் பல தடவை பார்த்திருக்கேன்.

ஸ்டெப் 7: உடனே ஸ்டாக் போடுங்க

சுத்தமான அன்னைக்கே ஸ்டாக். நல்லா ஸ்போர் வந்த பிளேட்ல கொஞ்சம் ட்வீன் 80 (சோப்பு மாதிரி ஒரு பொருள்) கலந்த ஸ்டெரைல் தண்ணி ஊத்தி, மெதுவா சுரண்டி, ஸ்டெரைல் பஞ்சு வழியா வடிகட்டினா இழைத் துண்டெல்லாம் நின்னுடும், ஸ்போர் மட்டும் வரும். சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி 20 சதவீத கிளிசரால்ல கலந்து மைனஸ் 80-ல, இல்லன்னா மைனஸ் 20-ல.

பிளேட்ல இருந்து பிளேட்டுக்கு மாத்திக்கிட்டே காலம் ஓட்டலாம்னு நினைக்காதீங்க. இதோட குரோமோசோம் நீளவாக்குல நேரா இருக்கு, பெரும்பாலான பாக்டீரியா மாதிரி வட்டம் இல்ல, அந்த ரெண்டு முனையிலயும் பெரிய பெரிய துண்டு தானாவே கழண்டு போயிடும். பத்துத் தடவை மாத்தினதுக்கு அப்புறம் மொட்டைக் காலனி, பாதி வெள்ளை பாதி சாம்பல்னு வந்தா இது தான் காரணமா இருக்கும், ஆன்டிபயாடிக்கும் அதோட போயிருக்கலாம். எப்பவும் பழைய ஸ்டாக்குக்குத் திரும்பிப் போங்க.

ஸ்டெப் 8: மைக்ராஸ்கோப்

அகார்ல 45 டிகிரி சாய்வா ஸ்டெரைல் கவர்ஸ்லிப்பைச் செருகி, அகாரைத் தொடுற கோட்டுல ஸ்ட்ரீக் பண்ணி, ஒரு வாரம் கழிச்சு உருவிப் பாருங்க. ஸ்போர் சங்கிலி நேரா இருக்கா, வளைஞ்சிருக்கா, ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கான்னு வரைஞ்சு வெச்சுக்கோங்க.

ஸ்டெப் 9: ஆன்டிபயாடிக் வருதா?

முதல் வடிகட்டலுக்கு கிராஸ் ஸ்ட்ரீக். பிளேட் நடுவுல ஒரே கோடா ஸ்ட்ரெப்டோமைசிஸ் போட்டு 6, 7 நாள் வளர விட்டு, அப்புறம் பேசில்லஸ் சப்டிலிஸ், மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ், லேப் ஈ.கோலை மாதிரி ஆபத்தில்லாத பாக்டீரியாவை அந்தக் கோட்டுக்குக் குறுக்க ஓரத்துல இருந்து இழுத்துட்டு வாங்க. ஒரு நாள் கழிச்சு நடுக்கோட்டுப் பக்கம் வளராம இடைவெளி விட்டிருந்தா ஏதோ இருக்கு.

கொஞ்சம் அளந்து பாக்கணும்னா அகார் பிளக். 7 நாள் வளர்ந்த பிளேட்ல 6 மி.மீ. துண்டு வெட்டி, டெஸ்ட் பாக்டீரியா பரப்பின முல்லர் ஹின்டன் அகார் மேல வைங்க, சுத்தி வர்ற தெளிவான வட்டத்தை ஸ்கேல் வெச்சு அளங்க. பக்கத்துலயே எதுவும் வளராத வெறும் மீடியா துண்டு ஒண்ணு கண்டிப்பா வைக்கணும், அது இல்லாம வர்ற ரிசல்ட்டை நான் நம்பவே மாட்டேன். ஈ.கோலைக்கு வட்டம் வரலன்னா சோர்ந்துடாதீங்க, கிராம் நெகட்டிவுக்கு வெளிய கூடுதலா ஒரு சவ்வு இருக்கு, நிறைய மருந்து உள்ளயே போகாது.

நீலமா கலர் விட்ட காலனி கிடைச்சிருந்தா இதைச் செஞ்சு பாருங்க. அந்த அகார்த் துண்டு மேல ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டா நீலம் சிவப்பாகும், அப்புறம் அம்மோனியா காட்டினா திரும்ப நீலம். முன்னாடி சொன்ன ஸ்ட்ரெப்டோமைசிஸ் கோலிகலரோட நீல ஆன்டிபயாடிக் ஆக்டினோரோடின் இப்படித்தான் நடந்துக்கும். அதே இனம் செய்யுற சிவப்பு ப்ரோடிஜினைன் நேர் எதிர், காரத்துல மஞ்சளாகிடும். இது மட்டும் வெச்சு இது தான்னு முடிவு பண்ண முடியாது, ஆனா கண்ணு முன்னாடி ஒரு கூட்டுப்பொருளோட குணம் தெரியும்.

ஸ்டெப் 10: எக்ஸ்ட்ராக்ட் (மருந்தைப் பிரிச்சு எடுக்குறது)

250 மி.லி. ஃபிளாஸ்க்ல 50 மி.லி. மட்டும் அகார் இல்லாத திரவ மீடியா, 28 டிகிரி, 180 முதல் 200 ஆர்பிஎம். உள்ள ஒரு ஸ்டீல் ஸ்பிரிங் சுருள் போடுங்க, இல்லன்னா உருண்டை உருண்டையா திரண்டுடும், உருண்டையோட நடுவுக்கு ஆக்சிஜன் போகாது. 7 நாள் வரைக்கும் தினமும் கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணுங்க, எந்த நாள்ல உச்சம்னு தெரியும்.

வடிகட்டின திரவத்தோட சம அளவு எத்தில் அசிடேட் சேர்த்துக் குலுக்கி மேல் அடுக்கை எடுத்து ரோட்டரி எவாப்பரேட்டர்ல 40 டிகிரியில வத்த விடணும். இழையைத் தனியா மெத்தனால்ல ஊற வைங்க, சில பொருள் செல்லை விட்டு வெளிய வராது. இங்க நிறைய பேர் கோட்டை விடுறது கீழ நிக்கிற தண்ணி அடுக்கை கொட்டிடுறது. ஸ்ட்ரெப்டோமைசின் மாதிரி அமினோகிளைகோசைடு எத்தில் அசிடேட்டுக்கு வரவே வராது, தண்ணியிலயே தான் நிக்கும். அதனால அதையும் வெச்சு டெஸ்ட் பண்ணுங்க, கரைஞ்சிருக்குற எத்தில் அசிடேட்டை முழுசா வத்த விட்டதுக்கு அப்புறம். வெறும் சால்வென்ட்ல நனைச்சுக் காய வெச்ச பேப்பர் டிஸ்க் ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்குற கன்ட்ரோலுக்கு.

ஸ்டெப் 11: யார் இது?

செல் சுவர் தடிமன், லைசோசைம்ல (சுவரை உடைக்கிற என்சைம்) 37 டிகிரியில ஒரு மணி நேரம் வெச்சாத்தான் டிஎன்ஏ ஒழுங்கா வரும். 27எஃப், 1492ஆர் ப்ரைமர் வெச்சு 16எஸ் ஆர்ஆர்என்ஏ ஜீனை (பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படுறது), சுமார் 1500 பேஸ், பிசிஆர் பண்ணுங்க (அந்த டிஎன்ஏ துண்டைப் பல மடங்கா நகல் எடுக்குறது). ஸ்ட்ரெப்டோமைசிஸ் டிஎன்ஏல ஜிசி (ஜி, சி பேஸ்களோட பங்கு) 70 சதவீதத்துக்கு மேல, அதனால ஜெல்ல டிஎன்ஏ பேண்ட் வரலன்னா 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ சேர்த்துப் பாருங்க. 16எஸ் வெச்சு பேரினம் உறுதியா சொல்லலாம், இனம் சொல்றதுக்கு அது மட்டும் போதாது, நெருங்கின இனங்கள்ல 16எஸ் கிட்டத்தட்ட ஒண்ணா தான் இருக்கும். பேப்பர்ல "ஸ்ட்ரெப்டோமைசிஸ் எஸ்பி." ன்னு போட்டுட்டு ஸ்ட்ரெயின் நம்பர் கொடுக்குறது தான் நேர்மை.

கிடைச்ச பொருள் புதுசா பழசான்னு எல்சி-எம்எஸ்ல (பொருள்களைப் பிரிச்சு மூலக்கூறு எடையை அளக்குற கருவி) பார்த்துத்தான் முடிவு பண்ணணும். ஸ்ட்ரெப்டோத்ரிசின், ஆக்டினோமைசின் எல்லாம் 1940கள்ல இருந்தே தெரிஞ்சது, மண்ணுல திரும்பத் திரும்ப கிடைச்சுக்கிட்டே இருக்கும்.

எந்த டெஸ்ட்லயும் வட்டமே வரலன்னா

கோலிகலரோட ஜீனோம் 2002-ல வெளியாச்சு, 86 லட்சம் பேஸ் ஜோடிக்கு மேல, அதுக்குள்ள இப்படிப்பட்ட கூட்டுப்பொருள் செய்யுற ஜீன் தொகுப்பு மட்டும் 20-க்கு மேல இருந்துச்சு. அத்தனை வருஷம் லேப்ல வளர்த்தவங்க அதுல சிலதைத்தான் பார்த்திருந்தாங்க, மிச்சமெல்லாம் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. உங்க ஸ்ட்ரெயினும் அப்படி இருக்கலாம். குளுக்கோஸ் அதிகமா, பாஸ்பேட் அதிகமா இருந்தா நிறைய ஆன்டிபயாடிக் அடங்கிடும், ரெண்டையும் குறைச்சுப் பாருங்க. சோயா மாவு 20 கிராம், மேனிட்டால் 20 கிராம், அகார் 20 கிராம் போட்ட மீடியால ஒரு தடவை வளர்த்துப் பாருங்க, ஏரியல் இழையும் ஸ்போரும் அதுல அருமையா வரும். சத்து கம்மியான மீடியால கொஞ்சம் என்-அசிட்டைல்குளுக்கோசமைன் சேர்த்தா சில இனங்களுக்கு அது பட்டினிச் செய்தி மாதிரி போய்ச் சேருது. வேற பாக்டீரியாவைப் பக்கத்துல சேர்த்து வளர்த்தாலும் சில தொகுப்பு முழிச்சுக்குது. இப்படி நாலஞ்சு மீடியால ஒரே ஸ்ட்ரெயினை 4, 7, 10, 14 நாள்னு பிளக் வெட்டி வெச்சு, எந்த மீடியால எந்த நாள்ல எத்தனை மி.மீ.ன்னு ஒரு டேபிள் போடுங்க, அந்த டேபிள் நிரம்புற வரைக்கும் ஸ்ட்ரெயினை ஒதுக்கி வைக்க வேண்டாம்.